தை மாதத்தில் ஓர் அடைக்கோழி

இத்தாலிய மொழியில் நான் முதன்முதலாக வாய் திறந்து "இல்லை" என்று சொன்னது ஒரு கோழிக்காக. அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த இத்தாலியன் "ஸீ, சிஞ்ஞோரா", அதாவது "ஓம், அம்மா", மட்டும்தான். வேலை செய்த வீட்டில் துடைத்த தரையை இன்னொரு தரம் துடைக்கச் சொன்னாலும் ஸீ. ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னாலும் ஸீ. சந்தையில் அழுகின தக்காளியை அடியில் போட்டுக் கட்டித் தந்தாலும் ஸீ.

2002 ஆடியில் கலியாணம் முடித்து மன்னாரிலிருந்து பலெர்மோவுக்கு வந்தவள் நான். என் கணவர் எனக்கு முன்னமே பத்து வருடம் இங்கே இருந்தவர். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிற வேலை. கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். லிஃப்ட் கிடையாது. இரண்டு அறை, ஒரு குசினி. குசினிக் கதவைத் திறந்தால் மொட்டை மாடி. அதில் பாதி எங்களுக்கு. மற்றப் பாதி நாலாம் மாடியில் தனியாக இருந்த சிஞ்ஞோராவுக்கு, உடுப்புக் காயப்போட. அவ கணவனை இழந்தவ, எழுபது வயதிருக்கும். கறுப்பு உடுப்பு, கையில் எப்போதும் ஒரு கூடை கிளிப்புகள். நான் வணக்கம் சொன்னால் தலையை ஆட்டமாட்டா. எங்கள் கறி மணம் தன் படுக்கை விரிப்பில் ஏறுகிறது என்று ஒரு தரம் அவரிடம் முறைப்பட்டிருக்கிறா.

2003 நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, இரண்டு நாள் முதல், நகர ஓரத்தில் சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்த எங்கள் ஊர் அண்ணை ஒருவர் ஒரு கோழியைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் ஏறி வந்தார். செங்கல் நிறம், மஞ்சள் கால், நல்ல கனம்.

"நத்தாருக்குக் கறி வையுங்கோ தங்கச்சி. பெட்டிக் கோழி இல்லை, தோட்டத்திலை மேய்ஞ்சது" என்றார்.

விடிய எழும்பிச் சாக்கை அவிழ்த்தால் உள்ளே ஒரு முட்டை. கையில் எடுத்தேன், இன்னும் சூடு ஆறவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்ற அவரிடம், "முட்டையிடுற பேட்டுக்கோழியை அறுக்க ஏலாது" என்றேன். அவர் முணுமுணுத்தார், ஆனால் விட்டுவிட்டார். நத்தாருக்கு ஆட்டிறைச்சி வாங்கினோம். அண்ணை மண்டரின் கொண்டு வருகிற மரப்பெட்டிகள் இரண்டைச் சேர்த்து, மேலே ஒரு தகரத் துண்டைப் போட்டு, மாடியில் உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்குப் பக்கத்தில் கூடு ஒன்று அடித்தேன். மூன்று கிழமையில் பதினொரு முட்டை இட்டது. அதில் ஒன்றைக்கூடக் கடையில் வாங்கின முட்டையோடு சேர்த்துப் பொரிக்க எனக்கு மனம் வரவில்லை, தனியாகத்தான் பொரித்தேன்.

தை நடுவில் திடீரென்று முட்டை நின்றது. கூட்டுக்குள் கையை விட்டேன், கொத்திவிட்டது. இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, தட்டையாகப் படுத்து, தொண்டைக்குள்ளே ஒரு உறுமல். நெஞ்சு இறகைத் தானே பிடுங்கி வைக்கோலோடு பரப்பியிருந்தது. வயிற்றைத் தொட்டால் காய்ச்சல்காரரின் நெற்றி போலச் சூடு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. கோழி அடைக்குக் கிடக்கிறது.

அது கிடந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். பலெர்மோவில் குளிர் இல்லை என்று சொல்கிறவர்கள் கோடையில் வந்துபோனவர்கள். அந்தத் தையில் வடக்குக் காற்று நாலு நாள் ஓயாமல் அடித்தது. நகரத்துக்குப் பின்னால் உள்ள மலை உச்சியில் பனி வெள்ளையாகத் தெரிந்தது. வீட்டுக்குள்ளே எங்களுக்கு இருந்தது காஸ் சிலிண்டர் வைத்த ஒரு சின்ன ஹீட்டர். அதை அறைக்கு அறை உருட்டிக்கொண்டு திரிவோம். தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் வலிக்கும். இந்தக் குளிரில், சேவலும் இல்லாத மாடியில், அடியில் ஒரு முட்டையும் இல்லாமல் இந்தக் கோழி குஞ்சு பொரிக்கப்போகிறேன் என்று படுத்துக் கிடந்தது.

மூன்று நாள் பொறுத்தேன். காலையில் கூட்டிலிருந்து இறக்கி வைப்பேன். வேலைக்குப் போய் மத்தியானம் வந்து பார்த்தால் மறுபடி அங்கேதான். வைக்கோலை எடுத்தேன், வெறும் பலகையில் படுத்தது. பெட்டியைக் கவிழ்த்தேன், பெட்டி இருந்த இடத்தில், சிமெந்தில் படுத்தது. தீனியும் சரியாகத் தின்னவில்லை. நாளுக்கு ஒரு தரம் எழும்பி, பெரிய நாற்றமான பீச்சல் ஒன்று போட்டுவிட்டு, நாலு சோளமணி கொத்திவிட்டு ஓடிப்போய்ப் படுத்துக்கொள்ளும். தூக்கினால் பாரம் குறைந்தது தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. "குளிர்ந்த தண்ணியிலை மூண்டு தரம் முக்கி எடும். வயித்துச் சூடு இறங்கினால் அடை தெளியும். எங்கட அம்மா அப்பிடித்தான் செய்யிறவ" என்றார்.

"அது மன்னார் வெயிலுக்கு. இஞ்சை முக்கினால் செத்துப்போகும்."

"செத்தால் கறி" என்றார், பகிடியாகத்தான்.

அவர் சொன்னதை நான் செய்தேன். அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் வரும். எனக்குத் தெரியும் அது பிழை என்று, ஆனாலும் அவர் சொல்லிவிட்டார் என்பதற்காகச் செய்தேன். தொட்டித் தண்ணீரில் வயிறு மட்டும் நனையும்படி ஒரு தரம் இறக்கினேன். இரண்டாம் தரம் இறக்கும்போது என் கையே மரத்துவிட்டது. வெளியே எடுத்தபோது கோழி உறுமவில்லை, கொத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடுங்கியது. நெஞ்சு இறகு ஏற்கெனவே இல்லை, வெறும் தோல் சிவந்து கிடந்தது. குசினிக்குள் கொண்டு ஓடி, துவாயால் சுற்றி, ஹீட்டர் முன்னால் மடியில் வைத்துக்கொண்டு, தலைமயிர் காயவைக்கிற மெஷினைப் பிடித்து ஒரு மணித்தியாலம் காயவைத்தேன். அவர் மெஷினின் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இறகு காய்ந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. மடியிலிருந்து குதித்தது. குசினிக் கதவு இடுக்கால் வெளியே போய், காற்றுக்குள்ளே ஓடி, பழையபடி அதே பெட்டிக்குள் ஏறிப் படுத்து, உறுமியது.

நான் கதவடியில் நின்று பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "சரி. நீ கிடக்கத்தான் போறாயெண்டால் சும்மா என்னத்துக்குக் கிடக்கிறாய். உனக்கு முட்டை கொண்டு வாறன்" என்று சொன்னேன்.

முட்டை வரும்வரைக்கும் எழும்பிப் போகாமலிருக்க மூன்று சின்ன எலுமிச்சம்பழத்தை அடியில் வைத்தேன். அலகால் உருட்டி உருட்டி நெஞ்சுக்குக் கீழே எடுத்துக்கொண்டது.

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போகவில்லை. தனியாக பஸ் ஏறி சியாகுல்லிக்குப் போனேன். இந்த நகரத்தில் நான் தனியாக ஏறின முதல் பஸ் அது. தோட்டத்தில் மண்டரின் இன்னும் மரத்தில் இருந்தது, அங்கத்தை மண்டரின் பிந்தித்தான் பழுக்கும். மழைக்குள்ளே இலைக்கு இலை பழம். அண்ணை சப்பாத்தில் சேறு அப்பி நின்றார். விஷயத்தைச் சொன்னவுடன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தையிலை ஆரும் அடை வைப்பினமே தங்கச்சி? பங்குனி வரைக்கும் பொறுங்கோவன்."

"கோழியிட்டைப் போய்ச் சொல்லுங்கோ அண்ணை."

அவர் சிரித்துக்கொண்டு தோட்டக்கார முதலாளியின் கோழிக்கூட்டுக்குப் போனார். சேவலோடு திரிகிற கோழிகளின் முட்டை ஒன்பது பொறுக்கி, பழைய கம்பளிச் சட்டையில் சுற்றித் தந்தார். அதை என் கோட்டுக்குள்ளே வயிற்றோடு அணைத்து, மேலே பொத்தானைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்கப் பள்ளம். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, தோளில் தட்டி, எழும்பித் தன் சீட்டைத் தந்தா. எத்தனை மாதம் என்று கேட்டா. எனக்கு விளக்கம் சொல்ல மொழி வரவில்லை. "ஸீ, சிஞ்ஞோரா" என்று சொல்லிவிட்டு இருந்துகொண்டேன். ஒரு முட்டையும் உடையவில்லை.

பின்னேரம் எலுமிச்சம்பழங்களை எடுத்துவிட்டு ஒன்பதையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். கோழி என்னைக் கொத்தியது, ஆனால் முட்டையை ஏற்றுக்கொண்டது. கலண்டரில் அந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இருபத்தொரு நாளை எண்ணி இன்னொரு வட்டம் போட்டேன்.

அடை வைத்தபிறகு என் நாள் கோழியைச் சுற்றித்தான் ஓடியது. காலையில் வேலைக்குப் போகுமுன் அதைத் தூக்கி இறக்கி, குறுணல் அரிசியும் ஊறின பாணும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைப்பேன். அது தின்கிற நேரம் முட்டை ஆறாமல் என் கம்பளிச் சால்வையால் மூடுவேன். பத்து நிமிடத்துக்கு மேல் விடமாட்டேன். கூட்டின் மூன்று பக்கமும் காற்றுப் புகாமல் பழைய போர்வையை ஆணியடித்தேன்.

நாலாம் மாடிச் சிஞ்ஞோரா மூன்றாம் நாளே கண்டுவிட்டா. உடுப்புக் கூடையோடு நின்று கூட்டுக்குள் எட்டிப் பார்த்தா.

"கியோச்சா" என்றா. அவர்கள் அடைக்கோழியைச் சொல்கிற சொல் அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு கையை ஆட்டி ஆட்டி, நான் விளங்கிக்கொள்ள வேண்டுமென்று மெதுவாகச் சொன்னா. "இந்தக் குளிரிலா? குஞ்சு பொரித்தாலும் ஒரு நாளில் விறைத்துச் செத்துப்போகும். சூப் வை. நல்ல சூப் வரும்."

அவ மூக்கைப் பிடித்துக்கொண்டு கீழே போனா. போய், இந்த வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரருக்கு ஃபோன் அடித்திருக்கிறா.

ஆறாம் நாள், சனிக்கிழமை காலை, வீட்டுக்காரர் வந்தார். அவர் இந்தக் கட்டடத்தில் இருப்பவர் இல்லை, கடற்கரைப் பக்கம் நல்ல வீடு வைத்திருப்பவர். உயரமான மனிதர், நல்ல கோட்டு. ஐந்து மாடி ஏறின களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துக் கதைத்தார். இது வீடு, பண்ணை இல்லை. அடுத்த சனி நான் வரும்போது இது இங்கே இருக்கக் கூடாது.

"ஸீ, ஸீ, சேர்த்தோ" என்றார் என் கணவர். கட்டாயம் என்று அர்த்தம்.

"நோ" என்றேன் நான்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். வாயில் வந்த சொல் வந்துவிட்டது, அதை இனி விழுங்க முடியாது. "நோ. வெந்துனோ ஜோர்னி" என்று இருபத்தொரு நாளையும் சொன்னேன். விரலை மடக்கி, இன்னும் பதினைந்து இருக்கிறது என்று காட்டினேன். அதற்குப் பிறகு என்னிடம் இத்தாலியன் இல்லை. ஆகவே மிச்சத்தைத் தமிழில் சொன்னேன். "உள்ளை உயிர் பிடிச்சிட்டுது. நடுவிலை எடுக்க ஏலாது. பதினைஞ்சு நாள் கழிச்சு வாங்கோ."

வீட்டுக்காரர் அவரிடம், மனைவிக்கு விளக்கம் சொல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தினவுடன் அவர் தொடங்கினார். "உமக்கு விசரே? பங்குனியிலை இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெசோவைப் புதுப்பிக்க வேணும். இந்த வீட்டிலைதான் இருக்கிறம் எண்டு அந்தாள்தான் எழுதித் தர வேணும். தராட்டி குவெஸ்தூராவிலை பொலிஸுக்கு என்னத்தைக் காட்டுறது? கோழியையோ?"

"அதுக்கு வேறை வழி பாப்பம். இப்ப எடுத்தால் உள்ளை இருக்கிறது செத்துப்போகும்."

"ஒன்பது முட்டை. கடையிலை வாங்கித் தாறன்."

"கடை முட்டையிலை குஞ்சு வராது."

"எனக்குக் குஞ்சு வேண்டாம்."

"எனக்கு வேணும்."

யோசித்துப் பார்த்தால், வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் அவரிடம் சொன்னதே இல்லை. எந்த வீடு, எந்த வேலை, எந்த நிறச் சேலை, எல்லாம் அவர் என்னிடம் கேட்காமலே முடிவாகியிருந்தது, நானும் கேட்கவில்லை. அவர் கொடுமைக்காரர் இல்லை. என்னிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தக் கிழமை முழுக்க என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டார். நானும் வலியப் போய்க் கதைக்கவில்லை.

எட்டாம் நாள் முட்டைகளை ஒவ்வொன்றாகக் குளியலறை இருட்டுக்குள் கொண்டுபோய் டார்ச்சுக்கு மேல் பிடித்துப் பார்த்தேன். ஆறில் சிவப்பு நரம்பு ஓடியது, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று வெறுமையாகத் தெரிந்தது, கூழ்முட்டை. அவற்றை எடுத்து எறிந்தேன். ஆறு முட்டையும் கையில் கனமாகத் தெரிந்தன. அவரிடம் காட்ட ஆசை வந்தது. காட்டவில்லை.

அந்தக் கிழமை நடுவில் பெரிய மழை. எங்கள் குசினிக் கூரை ஒழுகியது. நாலாம் மாடியில் எங்களைவிட மோசம், மாடித் தளத்து வெடிப்பால் தண்ணீர் இறங்கிச் சிஞ்ஞோராவின் சாப்பாட்டு மேசைக்கு மேலே கூரைச் சாந்து விழுந்துவிட்டது. அவ போட்ட சத்தம் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

பதின்மூன்றாம் நாள் சனிக்கிழமை வீட்டுக்காரர் திரும்ப வந்தார். இந்தத் தரம் கையுறை போட்டிருந்தார், கையில் ஒரு அட்டைப் பெட்டி. தானே பிடித்துக்கொண்டு போகிற எண்ணம். என் கணவர் வேலைக்குப் போக உடுத்துக்கொண்டு நின்றார். நான் குசினியிலிருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டுக்கு முன்னால் போட்டு, அதில் இருந்துகொண்டேன். என் முழங்கால் கூட்டு வாசலை அடைத்துக்கொண்டிருந்தது.

"எழும்பு" என்றார் வீட்டுக்காரர்.

"நோ."

அவர் குரலை உயர்த்தினார். எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கின பாதியே போதுமாயிருந்தது. நான் எழும்பவில்லை. என்னைத் தொட்டுத் தூக்காமல் அவரால் கோழியை எடுக்க முடியாது, என்னைத் தொட அவருக்குத் துணிவில்லை. அது எனக்கு அந்த நேரமே தெரிந்தது.

அப்போது படிக்கட்டுக் கதவு திறந்தது. நாலாம் மாடிச் சிஞ்ஞோரா வந்தா. மேலே ஏறும்போதே வீட்டுக்காரரைத் தன் வாசலில் மறித்து, கூரையைப் பார் என்று கேட்டிருக்கிறா. அவர் நேரமில்லை என்று சொல்லிவிட்டு ஏறி வந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அவ வந்த வேகத்தைப் பார்த்து, இனிக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவ என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றா.

"என் கோழியைத் தொடாதே" என்றா.

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "உங்கள் கோழியா? நீங்கள்தானே முறைப்பாடு..."

"என் பாதியில்தான் கூடு இருக்கிறது. என் பாதியில் இருப்பது என்னுடையது. நாற்பது வருடமாக இங்கே இருக்கிறேன். உன் அப்பா இருந்த காலத்தில் கூரை ஒழுகவில்லை. முதலில் என் கூரையைப் பூசு. பிறகு கோழியைப் பற்றிக் கதை."

கூடு எங்கள் பாதியில்தான் இருந்தது. நடுவில் போட்ட கோடு எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூரைக் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அட்டைப் பெட்டியை எங்கள் குசினி வாசலில் போட்டுவிட்டு என் கணவரைப் பார்த்துச் சொன்னார், "ஈஸ்டர் பாஸ்காவுக்குள் வேறு வீடு பார்த்துக்கொள். தாள் கீள் ஒன்றும் என்னிடம் கேட்காதே."

வீட்டுக்காரர் இறங்கிப் போனபிறகு சிஞ்ஞோராவிடம் நன்றி சொன்னேன். அவ தோளைக் குலுக்கினா. "குஞ்சு பொரித்தால் ஒன்று எனக்கு" என்று சொல்லிவிட்டு, தன் கிளிப்புக் கூடையை எடுத்துக்கொண்டு போனா.

பதினைந்தாம் நாள் ஆலங்கட்டி மழை. நான் வேலையால் வந்து படியேறிக்கொண்டிருக்கும்போதே தகரத்தில் கல் எறிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. மேலே வந்தால் தகரம் பிய்ந்து மற்றப் பக்கத்தில் கிடக்கிறது. கோழி அசையவில்லை. முதுகில் ஐஸ் உருண்டைகள், தலையைத் தோளுக்குள் இழுத்து, செட்டையை விரித்து முட்டை தெரியாமல் மூடிக்கொண்டு கிடந்தது. போர்வையை மேலே போட்டுப் பெட்டியோடு அப்படியே தூக்கினேன். இடம் மாறினால் அடையை விட்டு எழும்பிவிடும் என்று பயம். வேறு வழியில்லை. குசினித் தொட்டிக்குக் கீழே, காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் போர்வையை எடுக்காமல் விட்டேன். கொஞ்சநேரத்தில் உள்ளேயிருந்து உறுமல் வந்தது. எழும்பவில்லை.

பின்னேர இடைவேளைக்கு அவர் வீட்டுக்கு வந்தார். தொட்டிக்குக் கீழே பார்த்தார். ஒன்பது நாளைக்குப் பிறகு வாய் திறந்தார்.

"இது எங்கட வீடோ, அதின்ர வீடோ?"

"இன்னும் ஆறு நாளைக்கு அதின்ர வீடு" என்றேன்.

அவர் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். நனைந்த காலுறையைப் பிழிந்தார். "எத்தினை மிஞ்சும்?" என்று கேட்டார், கோழியைப் பார்த்துக்கொண்டே.

"ஆறிலை உயிர் இருந்தது. இந்தக் குளிருக்குப் பிறகு தெரியாது."

"ஹீட்டரைக் கிட்டத் தள்ளட்டே?"

"வேண்டாம். அதுக்கு அதின்ர சூடு காணும்."

இருபத்தொராம் நாள் ஞாயிறு. காலையில் கோழியின் உறுமல் மாறியிருந்தது, மெல்லிசாய், விட்டு விட்டு. காதைக் கிட்ட வைத்தேன். முட்டைக்குள்ளேயிருந்து கீச்சென்று ஒன்று பதில் சொன்னது. பூசைக்கு உடுத்த சேலையோடு நிலத்தில் இருந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் குந்தினார். மத்தியானத்துக்குள் ஒன்று, பின்னேரத்துக்குள் இன்னும் மூன்று. மற்ற இரண்டும் பொரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து உடைத்துப் பார்த்தேன், முழுக் குஞ்சாகி உள்ளேயே செத்திருந்தன. ஆலங்கட்டி அன்றைக்கு ஓரத்தில் கிடந்தவையாக இருக்கலாம். பொரித்ததிலும் ஒன்று மறுநாளே சோர்ந்து செத்தது. சிஞ்ஞோரா சொன்னதில் முழுவதும் பிழையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்று நின்றன. மூன்றும் தாயின் இறகுக்குள்ளே இருந்து தலையை நீட்டிப் பார்த்தபோது, தையில் முடியாது என்று சொன்ன ஒவ்வொருவரின் முகத்தையும் நான் ஒருதரம் நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் சொன்ன சொல்லில் நின்றார். தாள் தரவில்லை. பாஸ்காவுக்கு முதல் வெளிக்கிட்டோம். அண்ணைதான் தன் முதலாளியிடம் கேட்டு, சியாகுல்லியில் தோட்டத்து ஓரமாகச் சும்மா பூட்டிக் கிடந்த இரண்டு அறை வீட்டை எடுத்துத் தந்தார். ஓடு பழசு, சுவரில் ஈரம். அந்த முதலாளி ஒரு கேள்வியும் கேட்காமல் தாளை எழுதிக் கையெழுத்து வைத்தார். என் கணவருக்கு வேலைக்குப் போக விடிய முதல் பஸ். ஒரு மாதம் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டுதான் எழும்புவார். பிறகு திட்டு குறைந்தது. சித்திரையில் தானே பலகை வாங்கிக் கோழிக்குப் பெரிய கூடு அடித்தார். நான் அடித்த கூடு கோணல் என்று குறையும் சொன்னார்.

வெளிக்கிடுகிற அன்றைக்கு ஒரு குஞ்சைச் சிஞ்ஞோராவுக்குக் கொடுத்தேன். மூன்றையும் தூக்கிப் பார்த்து, கால் தடித்த ஒன்றைத் தானே தெரிவு செய்தா. ஆவணியில் சந்தைக்குப் போனபோது பழைய கட்டடத்துப் படிக்கட்டடியில் அவவைக் கண்டேன். அது சேவலாகிவிட்டதாம். விடியமுன்னம் நாலாம் மாடி ஜன்னலில் ஏறிக் கூவுகிறதாம். வீட்டுக்காரர் இரண்டு கடிதம் போட்டாராம். "கூரை பூசினபிறகு பார்க்கலாம் என்று எழுதிவிட்டேன்" என்றா. அவ சிரித்து நான் கண்டது அந்த ஒருதரம்தான்.

அதற்கு முன், அந்தப் பங்குனியில், பெர்மெசோ புதுப்பிக்கக் குவெஸ்தூராவுக்குப் போன காலை நீண்ட வரிசை. அவர் பக்கத்தில் நின்ற ஒரு தமிழ் ஆளோடு கதைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் புதிதாக வந்தவர் போல, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"தையிலை, ஐஸ்மழைக்குள்ளை அடை வைச்சுக் குஞ்சு பொரிக்கப் பண்ணினனான்" என்று அவர் சொல்வது கேட்டது. "எல்லாரும் ஏலாது எண்டவை."

"ஓமோ அண்ணை?" என்றார் அந்த ஆள்.

நான் கையிலிருந்த தாள்களை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அந்த ஆளின் பக்கம் திரும்பினேன்.

"வைச்சது நான்" என்றேன். "ஏலாது எண்டவையிலை இவரும் ஒராள்."